டீகோ கார்சியாவில் யார் வாழலாம்?

எழுபதுகளில் மும்பைக்கு ரயிலேறி வந்த தமிழர்களுக்கு டீகோ கார்சியா என்ற பெயர் புதிதல்ல. என் தகப்பனார் அந்தக் காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக இருந்தவர். தாராவியில் ஒரே அறையில் பதினோரு பேர் ஜாகை. இரவு சாப்பாடு முடிந்ததும் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் தமிழ்த் தினசரியை உரக்கப் படிப்பாராம், மற்றவர்கள் கேட்பார்களாம். அதில் அடிக்கடி இந்தத் தீவின் பெயர் அடிபடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்தியப் பெருங்கடலைச் சமாதானப் பிரதேசமாக வைத்திருக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1971 டிசம்பரில் தீர்மானம் போட்டது. அதே 1971-ல்தான் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் இந்தத் தீவில் வந்து இறங்கிக் கூடாரம் அடித்தார்கள். இந்திரா காந்தி அம்மையாரின் சர்க்கார் எதிர்ப்புத் தெரிவித்தது. கூடாரம் கட்டிடமாயிற்று, கட்டிடம் தளமாயிற்று.

2025 மே 22-ல் பிரிட்டனும் மொரிஷியஸும் இந்தத் தீவு பற்றி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது அந்தப் பெயர் மறுபடியும் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. எங்கள் சாலுக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் ஒருவர், "அமெரிக்காக்காரன் அங்கே சொர்க்கத்திலே இருக்கிறான்" என்று பெருமூச்சு விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ஒரு பரமக்குடிக்காரர். குவைத்தில் அமெரிக்க முகாம் ஒன்றின் சலவைக் கூடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் சிரித்தார். "சொர்க்கமாவது தம்பி! பெண்டாட்டி பிள்ளை இல்லாத இடம் எதுவானாலும் அது முகாம்தான். சோறு நல்லாயிருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. டீகோ கார்சியாவில் சிப்பாய்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, உடன்படிக்கையைவிட இந்த அன்றாட வாழ்க்கைதான் விஷயத்தின் முடிச்சு என்று எனக்குப் பட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே கடலில் ஏறத்தாழ 1,800 கி.மீ. மும்பையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுற்றிக்கொண்டு போகும் ரயில் பாதையின் நீளத்தைவிட இது குறைவு என்றால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது இதுதான். ஆகாயத்திலிருந்து பார்த்தால் மனிதனின் பாதச்சுவடு போல இருக்கும். நடுவே உப்பங்கழி, சுற்றிலும் பவளப் பாறை மேல் ஒரு நூல் போன்ற நிலம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கரையோடு போனால் சுமார் 60 கி.மீ.; ஆனால் மொத்த நிலமே 30 சதுர கி.மீ.க்குள்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரம் இருந்தால் அது அங்கே மேடு. இதன் மேற்குக் கரையில்தான் 12,000 அடி நீள ஓடுபாதையும், எண்ணெய்த் தொட்டிகளும், சிப்பாய்கள் குடியிருக்கும் கட்டிடங்களும். உப்பங்கழியில் ஆயுதமும் தளவாடமும் ஏற்றிய சரக்குக் கப்பல்கள் தயார் நிலையில் நங்கூரமிட்டு நிற்கும். 1991-ல் வளைகுடாப் போருக்கும், 2001-ல் ஆப்கானிஸ்தானத்துக்கும், 2003-ல் இராக்குக்கும் குண்டு வீசும் விமானங்கள் இங்கிருந்து புறப்பட்டன. 2025 மார்ச்சிலும் அத்தகைய விமானங்கள் வந்து இறங்கின.

இதையெல்லாம் கேட்டால் எந்நேரமும் சங்கு ஊதிக்கொண்டிருக்கும் இடம் போலத் தோன்றும். நிஜத்தில் அங்கே பெரும்பாலான நாட்கள் எங்கள் பார்சல் ஆபீஸ் நாட்களைப் போலத்தான் போகின்றன. வருகிற சரக்கைக் கணக்கெடுப்பது, துரு பிடித்ததைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது, ரேடியோ இயந்திரத்தைக் காவல் காப்பது, ஓடுபாதையைப் பெருக்குவது, பேரேடு எழுதுவது. கடற்படைக்காரர் என்றதும் நாம் துப்பாக்கியை நினைக்கிறோம். அவர்களில் பாதிப் பேர் கிடங்கு குமாஸ்தாவும் மெக்கானிக்கும்தான்.

வேலை முடிந்தால் சைக்கிள். சொந்த மோட்டார் வைத்துக்கொள்ள இடமில்லாத ஊர் அது. தளத்தின் பஸ் ஓடும், மற்றபடி சிப்பாயும் அதிகாரியும் சைக்கிள்தான் மிதிக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆளுகைப் பிரதேசமானாலும் வண்டிகள் அமெரிக்க வழக்கப்படி வலப்பக்கம் போகின்றன, செலாவணியும் டாலர்தான், தபால் தலை மட்டும் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று அச்சடித்தது. வீட்டுக்காரர் பெயர் வாசலில் இருக்க, குடியிருப்பவர் சௌகரியப்படி வீடு நடக்கிறது. பிரிட்டன் தரப்பில் அங்கே இருப்பது ஒரு கடற்படை அதிகாரியும் சில பத்துப் பேரும்தான். அவர்களே போலீஸ், அவர்களே சுங்கம், தலைமை அதிகாரியே மாஜிஸ்திரேட்டும்.

பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. பௌலிங் கூடம் உண்டு, நீச்சல் குளம் உண்டு, உடற்பயிற்சிக் கூடம், நூலகம், சினிமா, மாதா கோயில், சாராய கிளப்புகள், கோல்ஃப் மைதானம்கூட உண்டு. மீன்பிடி படகு வாடகைக்குக் கிடைக்கும். தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய தென்னை நண்டு அங்கே ஏராளம், பிடித்தால் குற்றம். தோட்டக் காலத்தில் செக்கிழுத்த கழுதைகளின் வம்சம் காட்டுக் கழுதைகளாகத் திரிகின்றன. தளம் அமைந்த புதிதில் இதொன்றும் இல்லை. கூடாரமும் மழையும் கொசுவும்தான். 1972 டிசம்பரில் பாப் ஹோப் என்ற புகழ்பெற்ற ஹாஸ்ய நடிகர் வந்து கட்டுமானப் பிரிவினருக்கு மேடை நிகழ்ச்சி நடத்தினார். அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி அங்கே வேலை செய்தவர்கள் கிழவர்களான பிறகும் பேசினார்கள்.

இத்தனை இருந்தும் இல்லாத ஒன்று குடும்பம். அமெரிக்கக் கடற்படைக்காரருக்கு இங்கே வழக்கமான உத்தியோகக் காலம் ஒரு வருஷம். தனியாகத்தான் வர வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் உள்ள அமெரிக்கத் தளங்களில் மனைவி மக்களோடு குடியிருக்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. இந்தத் தீவில் பள்ளிக்கூடம் இல்லை. பிரசவ அறை இல்லை. காலையில் முட்டாக்கிட்டுப் பால் வாங்கப் போகும் கிழவி இல்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் குழந்தை பிறந்த சேதி தந்தியாக வந்தது ஒரு காலம். இப்போது கைபேசித் திரையில் முகம் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். காலண்டரில் நாளை அடித்துக்கொண்டு வாழ்கிறவனுடைய மனசு எப்படி இருக்கும் என்று மும்பைத் தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு ரிசர்வேஷன் கிடைக்காமல் என் ஜன்னலை விட்டு நகராமல் நின்றவர்களின் முகங்களை நான் பார்த்தவன். ஆகவே அந்த இருபது வயது சிப்பாய்ப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரக்கம்தான்.

எங்கள் இலாகாவில் ரன்னிங் ரூம் என்று ஒன்று உண்டு. வண்டி ஓட்டி வந்த டிரைவரும் கார்டும் வெளியூரில் தங்கும் இடம். கட்டில் இருக்கும், கொசுவலை இருக்கும், சமையல்காரர் இருப்பார், சமயத்தில் எழுப்பிவிடவும் ஆள் இருப்பார். சௌகரியமான இடம்தான். ஆனால் அங்கே யாரும் செடி வைப்பதில்லை. டீகோ கார்சியா கடலில் மிதக்கும் ஒரு பெரிய ரன்னிங் ரூம். அந்த ரன்னிங் ரூமின் சமையல்காரர் யார் என்பதுதான் நம் பரமக்குடிக்காரர் உடனே கேட்ட கேள்வி. தட்டு கழுவுவது, துணி வெளுப்பது, புல் வெட்டுவது, குழாய் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டு ஒப்பந்தத் தொழிலாளிகள். முன்பு மொரிஷியஸ்காரர்களும் இருந்தார்கள். சிப்பாய்களைவிடத் தொழிலாளிகளே அதிகம். சிப்பாய் ஒரு வருஷத்தில் வீடு திரும்புகிறான். தொழிலாளியோ ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பல வருஷம் இருக்கிறான். மகள் கல்யாணத்துக்கும் தங்கை படிப்புக்கும் பணம் அனுப்புகிற அந்த மனிதனை நமக்கு நன்றாகவே தெரியும். அவன் பேசுகிற பாஷைதான் வேறு.

ஆக, சிப்பாய்களும் தொழிலாளிகளுமாகச் சில ஆயிரம் பேர் வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் அந்தத் தீவில் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், குளிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். மண்ணுக்கடியில் ஊறும் நல்ல தண்ணீரைத்தான் கிணறு போட்டு எடுத்துக் குடிக்கிறார்கள். மனிதன் வாழத்தக்க இடம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அப்படியானால் அந்த மண்ணில் பிறந்தவர்கள் மட்டும் ஏன் வாழக் கூடாது?

பிறந்தவர்கள் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோட்டம் போட ஆப்பிரிக்க அடிமைகளை அங்கே கொண்டுவந்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் போனார்கள். நம் தாத்தாக்கள் மொரிஷியஸுக்கும் இலங்கைக்கும் போன அதே கதை. கொப்பரை உலர்த்தி, எண்ணெய் ஆட்டி, மீன் பிடித்து, தங்களுக்கென்று ஒரு கிரியோல் பாஷையும் பாட்டுமாக ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தார்கள். 1965 நவம்பரில், மொரிஷியஸ் சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, பிரிட்டன் இந்தத் தீவுகளைத் தனியே வெட்டி எடுத்து, அதற்காக மொரிஷியஸுக்கு 30 லட்சம் பவுன் கொடுத்தது. 1966-ல் அமெரிக்காவுடன் ஐம்பது வருஷத்துக்கு ஏற்பாடு. அமெரிக்கா கேட்டது ஆளில்லாத தீவு.

ஆள் இருக்கும் தீவை ஆளில்லாத தீவாக்குவது எப்படி? இங்கேதான் குமாஸ்தாவாகிய எனக்கு உடம்பு கூசுகிறது. முதலில் அதைச் செய்தது துப்பாக்கியல்ல, பைல். இவர்கள் நிரந்தரவாசிகள் அல்ல, தோட்ட வேலைக்கு வந்துபோகிற ஒப்பந்தக் கூலிகள் என்று காட்டிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டியிராது என்று லண்டன் அதிகாரிகள் கடிதங்களில் எழுதிக்கொண்டார்கள். ஓர் அதிகாரி 1966-ல் தீவு மக்களை டார்ஜான்கள் என்று கேலியாகக் குறித்தார். அந்தக் காகிதங்கள் பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்தன. தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் புதைந்த இடத்தில் நிற்பவனை ஒரு வரிக் குறிப்பு வந்துபோகிறவனாக்கிவிட்டது. ரேஷன் கார்டுக்கும் குடியிருப்புச் சான்றுக்கும் இந்த நகரத்தில் அலைந்த எந்தத் தமிழனும் இந்த வித்தையைப் புரிந்துகொள்வான்.

மொரிஷியஸுக்கு வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் வந்தவர்களிடம் 1968 முதல், திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. ஒலிவியர் பான்கூ என்பவர் அப்படி நின்றுபோன ஒரு குடும்பத்துக் குழந்தை. பிற்காலத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டிஷ் சர்க்கார் மேல் வழக்குப் போட்டவர் அவர். டீகோ கார்சியாவில் எஞ்சியிருந்தவர்களை 1971-ல் கப்பலேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். மற்றத் தீவுகளும் 1973-க்குள் காலி. ஒன்றரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மொரிஷியஸிலும் சேஷெல்ஸிலும் கொண்டுபோய் விடப்பட்டார்கள். போர்ட் லூயி நகரச் சேரிகளில் வேலையின்றி, கிழங்கும் மீனும் தின்று பழகியவர்கள் அரிசிக்குக் கையேந்தினார்கள். பெண்கள் உண்ணாவிரதம் இருந்தபின் 1982-ல் 40 லட்சம் பவுன் நஷ்டஈடு முடிவாயிற்று. பணம் வாங்கும்போது, திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆங்கிலத்தில் அடித்த தாளில் கைநாட்டு வாங்கப்பட்டது. படிக்கத் தெரியாதவர்கள் பலர்.

2000-ல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் செல்லாது என்றது. 2004-ல் அரசி பெயரில் ஓர் ஆணை போட்டு மறுபடி தடுத்தார்கள். 2008-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் சர்க்கார் பக்கம் நின்றார்கள். ஒரே ஓர் ஓட்டு. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது முறையல்ல என்று கருத்துரைத்தது. அவ்வருஷம் மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிஷியஸ் பக்கம், ஆறு மட்டும் எதிர்த்தன. இந்தியா மொரிஷியஸ் பக்கம் வாக்களித்தது.

இத்தனைக்கும் நடுவில் 2016 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் சொன்ன பதிலைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 150 பேர் முதல் 1,500 பேர் வரை மறுகுடியமர்த்தும் வழிகளைச் சொன்ன ஓர் ஆய்வறிக்கை 2015-லேயே அவர்கள் கையில் இருந்தது. இருந்தும் முடியாது என்றார்கள். சாத்தியமா என்பது ஒன்று, பாதுகாப்பு ஒன்று, செலவு ஒன்று என மூன்று காரணம்.

சாத்தியமா என்ற கேள்விக்கு அந்தத் தீவில் சைக்கிள் மிதித்துப் போகும் ஒவ்வொரு சிப்பாயும் பதில். தாழ்ந்த நிலம், கடல் ஏறும், ஆகவே குடியேற்ற முடியாது என்கிறார்கள். கடல் ஏறும் நிலத்தை 2025-ல் 99 வருஷத்துக்குக் குத்தகை எடுப்பார்களா? எங்கள் சாலில் ஒழுகும் அறையைக்கூட யாரும் 11 மாதத்துக்கு மேல் எடுப்பதில்லை. பாதுகாப்பு என்றால், பிலிப்பைன்ஸ் தொழிலாளியைச் சோதித்து அனுமதிச் சீட்டுக் கொடுத்து உள்ளே விடத் தெரிந்தவர்களுக்கு, சாகோஸ்காரரைச் சோதிக்கத் தெரியாதா? செலவு என்றால், உடன்படிக்கைப்படி பிரிட்டன் கொடுக்க ஒப்புக்கொண்ட குத்தகை சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியே 10 லட்சம் பவுன். வெளியேற்றப்பட்ட மக்களுக்கென்று ஒரே தடவையாக 4 கோடி பவுன் நிதி. ஐந்து மாத வாடகைக்கும் குறைவு.

அந்த உடன்படிக்கையில் மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் மக்களைக் குடியமர்த்தலாம் என்று எழுதியிருக்கிறது. டீகோ கார்சியா நீங்கலாக. ஓடுபாதை, துறைமுகம், மின்சாரம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும் தீவில் கூடாது. ஐம்பது வருஷமாகக் காடு மண்டி, ஒரு படகுத்துறை கூட உருப்படியாக இல்லாத தீவுகளில் போய் இருந்துகொள்ளலாம். இது தர்மமா? இந்தியா உடன்படிக்கையை வரவேற்றது. காலனி ஆட்சியின் மிச்சம் ஒன்று தீர்வதை வரவேற்றது சரியே. ஆனால் சாகோஸ் மக்களில் பலர், எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணைப் பேசி முடித்தார்கள் என்று லண்டனில் நின்று கத்தினார்களே, அந்தக் குரலுக்கும் டில்லி காது கொடுத்திருக்கலாம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் ஏறிய மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்து இந்தத் தீவில் ஒதுங்கியது. கானடாவுக்குப் போகப் புறப்பட்டவர்கள். குழந்தைகளும் இருந்தார்கள். பௌலிங் கூடமும் நீச்சல் குளமும் இருக்கும் அதே தீவில், வேலி அடைத்த இடத்தில், எலி ஓடும் கூடாரங்களில் அவர்களை வைத்தார்கள். வாரமல்ல, மாதமல்ல, மூன்று வருஷம். சிலர் மனம் வெறுத்துத் திரும்பிப் போனார்கள். சிலர் தங்களையே மாய்த்துக்கொள்ள முயன்று, வைத்தியத்துக்கு ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 டிசம்பரில்தான் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே மாதம், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆக, சிப்பாய் ஒரு வருஷம் இருக்கலாம், சலவைக்காரர் பத்து வருஷம் இருக்கலாம், அகதி வேலிக்குள் இருக்கலாம். பிறந்தவனுக்கு மட்டும் இடமில்லை.

தளத்தை நாளைக்கே மூடு என்று நான் எழுதவில்லை. எழுதினாலும் மூடப் போவதில்லை. மொரிஷியஸும் பிரிட்டனும் இன்னும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தச் சமையல் கூடத்திலும் சலவைக் கூடத்திலும் மின்சார நிலையத்திலும் உள்ள வேலைகளில் முதல் உரிமை சாகோஸ் குடும்பங்களுக்கு; வேலைக்கு வருகிறவர் மனைவி மக்களோடு வரலாம்; கிழக்குக் கரையில் பழைய தோட்டம் இருந்த பக்கம் அவர்களுக்கு வீடும் ஒரு பள்ளிக்கூடமும். இவ்வளவையும் குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்க்க யாருடைய ராணுவமும் பலவீனப்பட்டுவிடாது.

அந்தக் கிழக்குக் கரையில் தோட்ட மேனேஜரின் பங்களாவும் மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும் இன்னும் நிற்கின்றன. ஓய்வு நாட்களில் சிப்பாய்கள் சிலர் போய் அங்கே களை பறித்துச் சுத்தம் செய்வதுண்டு. 2006 ஏப்ரலில் சாகோஸ் மக்களில் சுமார் நூறு பேரைக் கப்பலில் அழைத்துப் போய் அந்தக் கல்லறைகளைக் காட்டினார்கள். வயதானவர்கள் மண்டியிட்டுக் கல்லைத் தடவிப் பெயரைத் தேடினார்கள். பிறகு அவர்களை மறுபடி கப்பலேற்றினார்கள்.